கதவு திறக்கும் முன்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 1981 ஜூலை. நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து நழுவி ஓடிய நாய் ஒன்று, செலஸ்டின் என்னும் வெந்நீர் ஊற்றில் விழுந்தது. தண்ணீரின் வெப்பம் ஏறக்குறைய 94 டிகிரி செல்சியஸ். சுற்றி நின்றவர்கள் 'வேண்டாம், வேண்டாம்' என்று கத்தியும் கேளாமல், நாய்க்குச் சொந்தக்காரரின் நண்பரான 24 வயது இளைஞர் அதைக் காப்பாற்றக் குதித்தார். நாய் பிழைக்கவில்லை. மறுநாள் அவரும் இறந்துபோனார்.

பாசமும் துணிச்சலும் அவரிடம் நிறையவே இருந்தன. ஆனால் கொதிக்கும் தண்ணீர் இரண்டையும் பார்ப்பதில்லை. ஆபத்து வந்தபின் காட்டும் வீரத்தைவிட, வருமுன் ஊட்டிய பழக்கமே உயிரைக் காக்கிறது.

அந்தப் பழக்கத்தை வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். கார்க் கதவை ஒரு சாண் திறங்கள். நாய் முண்டியடித்தால் மூக்கில் படாமல் மெல்லச் சாத்துங்கள். 'இரு' என்று சொல்லி, அடங்கி உட்கார்ந்தால் மட்டும் கதவை அகலத் திறந்து, கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி, 'வா' என்று இறக்குங்கள். இறங்கியதும் ஒரு துண்டு பிஸ்கட். எவ்வளவு பழக்கிய நாயானாலும், யெல்லோஸ்டோன் பூங்காவில் அதை அவிழ்த்துவிடக் கூடாது: கயிறு 6 அடிக்கு மேல் போகக் கூடாது, ஊற்றுகளைச் சுற்றிய மரப்பலகைப் பாதையில் நாய்க்கு அனுமதியே கிடையாது.

நாயோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களே, மூட்டை கட்டும் முன் 'இரு' என்ற ஒரு சொல்லை அதற்குப் பழக்கிவிடுங்கள்.