பிற சமயத்தார் வாசலில்

பெங்களூர் போன்ற நகரங்களில் ஞாயிறு விடியற்காலையில் இளைஞர் பலர் கூட்டமாகச் சேர்ந்து சைக்கிளில் ஊரைச் சுற்றி வருவது இந்நாளில் பெருவழக்காகியுள்ளது. இவற்றுள் சில, தேகப்பயிற்சி என்ற அளவில் நில்லாமல், அவ்வட்டாரத்துக் கோயில், பள்ளிவாசல், மாதா கோவில், குருத்வாரா ஆகியவற்றை ஒரே காலையில் கண்டுவரும் யாத்திரைகளாக அமைகின்றன. காந்திநகரில் ஆசாரிய புத்தரக்கிதர் 1956இல் நிறுவிய மகாபோதி சங்கத்திலிருந்து புறப்பட்டால், சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயம், அதன் சுற்றுப்புறத்துப் பள்ளிவாசல்கள், அல்சூர் ஏரிக்கரைக் குருத்வாரா, அதற்கப்பால் பழமையான சோமேசுவரர் கோயில் ஆகிய அனைத்தும் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இத்தகைய யாத்திரையில் நம்மவர் சேரலாமா, சேர்ந்தால் கோயில் வாசலில் என்ன செய்வது என்ற கேள்வி பௌத்தம் தழுவிய குடும்பங்களில் எழுவது இயற்கை. பிள்ளைகள் விளையாட்டாகக் கேட்டாலும் பெரியவர்கள் அதனை விளையாட்டாக எண்ணிவிடலாகாது.

பகவான் என்ன செய்தார் என்பதை முதலில் நோக்குவோம். பிட்சைக்குச் செல்லும் நேரம் இன்னும் ஆகவில்லை என்று கண்டால், பிற சமயப் பரிவிராசகர் தங்கியிருந்த சோலைக்குச் சென்று அவர்களோடு அளவளாவுவது அவருக்கு வழக்கமாயிருந்ததைத் திரிபிடகம் பலவிடத்தும் கூறுகிறது. சிராவஸ்தியில் மல்லிகையின் சோலையில் போட்டபாதரைக் கண்டது அவ்வாறே. அங்கே அவர் வழிபடச் செல்லவில்லை, இகழவும் செல்லவில்லை. கேட்டார், கேட்டதற்கு விடை பகர்ந்தார், எழுந்து சென்றார்.

நமக்கு இன்னும் அணுக்கமானது உபாலியின் வரலாறு. நாலந்தாவில் வாழ்ந்த அவ்வில்லறத்தார் நிகண்ட நாதபுத்தரின் அடியார். பகவானை வாதில் வெல்லும் எண்ணத்தோடு வந்தவர், தம்மத்தில் தெளிவுற்றுத் தம்மை உபாசகராக ஏற்குமாறு வேண்டினார். நன்றாக ஆராய்ந்த பின்னரே முடிவு செய்யுமாறு பகவான் அவரை முதலில் நிறுத்தினார். ஏற்றுக்கொண்ட பின்னரோ, நெடுங்காலம் நிகண்டருக்கு நீர்த்துறையாக விளங்கிய அவர் இல்லம், அவர்கள் வந்தால் இனியும் அன்னமளிக்க வேண்டும் என்பதை நினைவூட்டினார். சமயம் மாறியவர், தாம் விட்டுவந்த சமயத்தாரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். உபாலி செல்வர், மதிக்கப்பட்டவர். நிகண்டர் அவரை ஒருநாளும் வாசலில் நிறுத்தி வைத்தவர்கள் அல்லர். நம் நிலை அதுவன்று. நம் பாட்டன்மார் திருவிழாவில் பறை முழக்க அழைக்கப்பட்டனர். கோபுர வாசலைக் கடக்க அழைக்கப்படவில்லை. 1930ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் நாசிக்கில் காலாராம் கோயில் முன்னர் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் தொடங்கிய அறப்போர் ஆண்டுக்கணக்கில் நீடித்தும் அக்கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13இல், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அவர் யேவலாவில் அறிவித்ததற்கு முன்வரலாறு இது.

சைக்கிளுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் சேரியைச் சேர்ந்தவர், தம் உழைப்பால் வாங்கிய சொந்தச் சைக்கிளேயாயினும், ஊர்த்தெருவில் அதன்மேல் அமர்ந்து செல்லுதல் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இக்கொடுமை எங்கும் முற்றாக ஒழிந்துவிட்டதென்று இன்றும் துணிந்து கூற இயலாது. இப்போது யாத்திரைக் கூட்டம் கோயில் வாசலை அடைகிறது. எல்லாரும் சைக்கிளிலிருந்து இறங்குகின்றனர், செருப்பைக் கழற்றுகின்றனர். ஒருவருக்கு அது வெறும் மரியாதை. அவர் அருகில் நிற்பவருக்கோ அது தாத்தாவின் நினைவு. செயலின் நன்மை தீமையைச் சேதனையே முடிவு செய்கிறது என்பது பகவான் கண்ட நெறியாதலால், இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பிழை. அடிக்கு அஞ்சி இறங்கியவன் கோயிலுக்கு மரியாதை செய்தானல்லன். இறங்காமலே சென்றிருக்கக் கூடியவன், உள்ளே தொழுதுகொண்டிருப்போரின் மனம் நோகாதிருக்க இறங்குகிறானே, அதுவே மரியாதை. இதனைச் செய்யும் தகுதியை நமக்குத் தந்தது கோயிலன்று. நாம் பெற்ற விடுதலை.

எனினும் அவ்வாசலில் கால் வைக்க மனம் ஒப்பாதவர் நம்மில் இருப்பர். குறிப்பாக முதியோர். அவர்களை வற்புறுத்துவதும், உள்ளே வராதவருக்குச் சமரச மனப்பான்மை இல்லை என்று பேசுவதும் நேர்மையல்ல. வாசலில் நிறுத்தப்பட்ட வரலாறே இல்லாதவர் அதனை இலேசாகக் கடந்துவிடுகிறார். ஒற்றுமையின் பளு எல்லார் தோளிலும் ஒரே எடையாக இருப்பதில்லை. வெளியில் நின்று சைக்கிள்களைப் பார்த்துக்கொள்பவரும் யாத்திரையில் பங்கு கொண்டவரே.

உள்ளே செல்லுவோருக்கு நம் உறுதிமொழி தடையாகுமா? 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில், இன்ன தெய்வங்களை நம்பேன், வழிபடேன் என்பது உண்டு. அவர்தம் வாசலை மிதியேன் என்பது இல்லை. தடை வழிபாட்டுக்கே. எனவே காண்பது வேறு, தொழுவது வேறு என்னும் வரம்பை நாமே காத்துக்கொள்ள வேண்டும். நண்பர்கள் பார்க்கிறார்களே என்று திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொள்ளுதல் பொய். நான்காம் சீலத்துக்கு ஊறு. அர்ச்சகர் நீட்டும்போது கைகூப்பி, தாம் பௌத்தர் என்று மெதுவாகச் சொன்னால் போதும். அதனால் வருந்துவோர் சிலரே, மதிப்போர் பலர். குருத்வாராவில் தலையை மறைத்துக்கொள்ளச் சொல்லுவர். மறைத்துக்கொள்ளலாம், அது அவ்வீட்டு ஒழுங்கு. அங்கே லங்கரில் பந்தியில் எல்லாருடனும் தரையில் அமர்ந்து உண்ணலாம். உண்ணவேண்டும் என்றே சொல்லுவேன். சாதி பார்த்துப் பந்தி பிரித்த நாட்டில், யார் என்று கேளாமல் இலவசமாகச் சோறிடும் இடத்தைக் கண்ணால் கண்டுவருவது நம் பிள்ளைகளுக்கு நல்ல பாடம். மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் திருவிழாக் காலத்தில் காவியுடுத்து வரும் தமிழ் மக்களைக் காணும்போது, நம்மைப் போலவே வேறொரு வாசலைத் தேடிச் சென்றவரும் அக்கூட்டத்தில் இருப்பர் என்பது நினைவுக்கு வரும்.

இனி நாவடக்கம். நம்மவர் சிலருக்கு, எந்தக் கோயிலுள் நுழைந்தாலும், இது முன்னாளில் விகாரையாக இருந்தது என்று தொடங்கிவிடும் பழக்கம் உண்டு. சான்றுள்ள இடத்தில் அதனைச் சொல்லவேண்டியதுதான். சான்றின்றிச் சொல்வது முசாவாதம். சான்றிருந்தும், ஒருவர் கண்மூடித் தொழுதுகொண்டிருக்கும்போது அவர் காதருகே சொல்வது தம்மமாகாது. கருநாடகத்தில் கலபுரகி மாவட்டத்துச் சன்னதி என்னும் ஊரில், சந்திரலாம்பா கோயில் வளாகத்துக் காளி கோயிலின் கூரை 1986இல் இடிந்து விழுந்தது. அதன்பின், தேவியின் பீடமாக இருந்த கல்லில் அசோகரின் சாசனங்கள் வெட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. அவற்றுள் ஒன்று பன்னிரண்டாம் பாறைச் சாசனம். தன் சமயத்தைக் காரணமின்றிப் புகழாமலும் பிறர் சமயத்தை இகழாமலும் நாவைக் காக்குமாறு கூறுவது அச்சாசனமேயாம்! பௌத்த மன்னரின் கல் வேறொரு தெய்வத்துக்குப் பீடமானதை எண்ணி நமக்கு மனவருத்தம் எழலாம். அந்த வருத்தத்தைப் பேசத் தொடங்குமுன் அக்கல் சொல்வதையும் படித்துவிடுதல் நலம்.

அதே மன்னர் எட்டாம் சாசனத்தில், முன்னிருந்த அரசர்கள் வேட்டையும் கேளிக்கையுமாகச் சென்ற உலாவை விட்டுத் தாம் தம்ம யாத்திரை தொடங்கியதைக் கூறுகிறார். அந்த யாத்திரையில் அவர் கட்டடங்களைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. சமணரையும் பிராமணரையும் முதியோரையும் நாட்டுப்புற மக்களையும் கண்டு உரையாடியதையே சொல்லுகிறார். இன்றைய சைக்கிள் யாத்திரைகளின் குறை இங்கேதான் இருக்கிறது. ஓரிடத்தில் பத்து நிமிடம், கோபுரத்தின் முன் ஒரு புகைப்படம், அடுத்த இடத்துக்கு ஓட்டம் என்றால், அது பழைய அரசர்களின் உலாவே. ஐந்து இடங்களுக்குப் பதில் இரண்டே இடம் சென்று, அங்குள்ள ஒருவரோடு அரைமணி நேரம் அமர்ந்து பேசிவருவது மேல்.

அவ்வாறே, பிறர் வாசலுக்கு நாம் செல்லுமுன் நம் வாசலையும் யாத்திரை வழியில் சேர்க்குமாறு கேட்கவேண்டும். பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் தமிழ்ப் பௌத்தர் இருக்கின்றனர் என்பதே அந்நகரத்தார் பலருக்குத் தெரியாது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இயக்கம் சென்னையிலிருந்து தங்கவயலின் மாரிக்குப்பம் வரை பரவியது எப்படி என்பதை எடுத்துரைக்க ஒருவர் அன்று விகாரையில் இருக்கவேண்டும். வருவோருக்குக் குடிநீரும், சைக்கிள் நிறுத்த நிழலும் வேண்டும். வந்தவர்களில் ஒருவர் புத்தர் சிலையின் முன் கைகூப்பாமல் நின்றுவிட்டால், அவரை யாரும் ஏன் என்று கேட்கவேண்டாம்.