வீழ்ந்தவன் யாருடையவன்?

மார்கழியில் சேர்வராயன் மலைமேல் பொழுது புலர்ந்தும் பனி விலகுவதில்லை. ஏற்காட்டு உறைவிடப் பள்ளியொன்றில், காலைத் திருப்பலியின் மறையுரைக்கிடையே ஒரு சிறுவன் கண்ணயர்ந்தால் அவனுக்கு நாம் சூட்டும் பெயர் சோம்பேறி. தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்றென மறைக்கல்வி வகுப்பில் மனனம் செய்தவர்கள் அல்லவா நாம்!

ஆனால் நம்மை விழித்திருக்கச் செய்யும் 'ஹைப்போகிரெட்டின்' என்னும் பொருளைச் சுரக்கும் மூளை உயிரணுக்கள் அழிந்துவிட்டால், எந்த மனவுறுதியும் இமைகளைத் தாங்காது. 'நார்கோலெப்சி' என்னும் அந்நோய் பாடவேளையிலேயே பிள்ளையை உறக்கத்தில் வீழ்த்தும். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் துவளும். சிரிக்கவே அஞ்சும் குழந்தையை எண்ணிப் பாருங்கள்.

2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது ஐரோப்பாவில் 'பாண்டம்ரிக்ஸ்' என்ற தடுப்பூசி போடப்பட்டது. அதன்பின் பின்லாந்திலும் சுவீடனிலும் சிறுவர்களிடையே இந்நோய் மிகுந்தது. 2010 ஆகஸ்டில் பின்லாந்து அவ்வூசியை நிறுத்தியது. அங்கு ஊசி பெற்ற 4 முதல் 19 வயதுடையோருள் ஏறத்தாழ 16,000 பேருக்கு ஒருவர் பாதிக்கப்பட்டதாக ஆய்வாளர் கணித்தனர். அம்மருந்து இன்று வழக்கில் இல்லை. இன்றைய காய்ச்சல் ஊசிகள்மேல் அப்பழியைச் சுமத்துவதற்கில்லை. சீனத்தில் ஊசி பெறாதவரிடையேயும், காய்ச்சல் அலைக்குப்பின் 2010இல் இந்நோய் பெருகியது. ஆகவே ஊசியை மறுப்பதும் காவலாகாது.

மக்களுக்காக ஒருவர் மடிவது நலமெனக் கணக்கிட்ட கயபாவை யோவான் நற்செய்தியில் காண்கிறோம். தடுப்பூசியின் கணக்கும் அதுதானோ என்னும் ஐயம் நெடுநாள் என்னை வாட்டியது. அன்று என்றே இப்போது கருதுகிறேன். கயபா ஆளைக் குறித்துக்கொண்டு கணக்கிட்டார். தம்மை அதில் சேர்க்கவில்லை. ஊசிக்கு வரிசையில் நிற்போரோ, இடர் யார்மேல் விழும் என்றறியாமலே அதை ஏற்கின்றனர்.

விழுந்தபின்? அங்குதான் பிலாத்துவின் தண்ணீர்ப் பாத்திரம் நம்முன் வைக்கப்படுகிறது. பிரித்தானியாவில் ஒரு சிறுவனின் நோய்க்கு ஊசியே காரணமென ஒப்புக்கொண்ட அரசு, அது கடும் ஊனமன்று என வழக்காடியது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்ற பின்னரே அவனுக்குரிய 1,20,000 பவுண்டு உறுதியாயிற்று. ஊசியின் பின்விளைவுகளை மக்களே தெரிவிக்கவும், அவற்றை வெளியிடவும் வழிசெய்யுமாறு நம் உச்ச நீதிமன்றமும் 2022 மே 2ஆம் நாள் பணித்தது.

பெற்றோர் சமவெளியில் இருக்க, மலையில் பிள்ளையை நாள்தோறும் காண்பவர் விடுதிக் காப்பாளர்தாம். ஊசி போட்ட நாளைக் குறிக்கும் பதிவேட்டிலேயே, பின்வந்த மாதங்களில் எவன் வழக்கத்துக்கு மாறாக உறங்கினான் என்றெழுத ஒரு வரி இடம் விடலாம். முட்டி போட வைக்கப்படுமுன் அவன் சேலத்திலுள்ள நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சேர்வான்.