பதினெட்டு மாதங்கள்

1977 செப்டம்பர் 24. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம். அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருக்க, மானியோ நீர்மட்டம் ஏறுவதாகக் காட்டியது. அதை நம்பி, தானாகப் பாய்ந்த அவசர நீரையும் ஊழியர்கள் நிறுத்தினார்கள். ஏறத்தாழ 20 நிமிடத்தில் அவர்களுக்குப் பொறி தட்டியது. நீர் வெளியேறிய பாதையை அடைத்தார்கள். உலை 9 சதவீதத் திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தப்பித்தது.

18 மாதம் கழித்து, 1979 மார்ச் 28, பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட். அதே நிறுவனம் வடிவமைத்த உலை, அதே கோளாறு, அதே தப்புக்கணக்கு. இம்முறை திறன் 97 சதவீதம். பாதையை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உலைக்கருவில் பாதியளவு உருகிப்போனது.

நடுவில் யாருக்கும் உறைக்கவில்லையா? உறைத்தது. வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 1978 பிப்ரவரியிலேயே எச்சரித்துக் குறிப்பு எழுதினார். அது அலுவலகத்துக்குள்ளேயே சுற்றியது. திரீ மைல் ஐலண்ட் ஊழியர்களுக்கு வந்து சேரவில்லை. தெரியாமல் நேர்ந்த விபத்து என்றால் விதியை நொந்துகொண்டு போய்விடலாம். இங்கே அறிவு இருந்தது. அது வேண்டியவரின் காதுவரை வரத்தான் வழியில்லை.

அந்த வழியைப் போடத்தான் 1979 டிசம்பரில் அமெரிக்க மின் நிறுவனங்கள் கூடி ‘இன்போ’ என்ற அமைப்பைத் தொடங்கின. செர்னோபில் அணு விபத்துக்குப் பின், 1989இல், உலக அளவில் ‘வானோ’ வந்தது. தொழில் நிறுவனங்களின் சங்கம் என்றாலே மாநாடு, சால்வை, சலுகை கேட்டு அமைச்சருக்கு மனு என்றுதான் நமக்குப் பழக்கம். இவர்கள் வேறு மாதிரி. ஒரு நிலையத்துப் பொறியாளர்கள் இன்னொரு நிலையத்துக்குப் போய்த் தங்கி, கட்டுப்பாட்டு அறையில் நின்று கவனித்து, குறையை முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அமெரிக்காவில் இன்போவின் மதிப்பீட்டைப் பொறுத்துக் காப்பீட்டுக் கட்டணமே கூடும், குறையும்.

பெருந்தன்மையில் விளைந்ததல்ல இது, பயத்தில் விளைந்தது. ஓர் உலையில் விபத்து என்றால் உலகம் எல்லா உலைகளையும் சந்தேகிக்கும். அயலான் பட்ட கடனுக்கு நானும் வட்டி கட்ட வேண்டும். ஒழுக்கம் பற்றிய உபதேசங்களைவிட இந்தப் பயம் உறுதியானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஆய்வறிக்கைகள் பொதுவாக வெளியே வருவதில்லை. ரகசியம் காக்கப்படுவதால்தான் பொறியாளர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நிலையத்தின் மதிலுக்கு அப்பால் குடியிருப்பவரும் அதே பயத்தில் பங்காளிதான். அறிக்கை மட்டும் அவர் கைக்கு வராது.