கொடுப்பவரே தீர்மானிக்கலாமா?



ஜேர்மனியில் தஞ்சம் கோரி நின்ற நாட்களை நாம் மறந்துவிடவில்லை. 1993 நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்த தஞ்சம் கோருவோர் உதவிச் சட்டம், பணத்திலும் பார்க்கப் பொருளாகவே உதவி வழங்க முதலிடம் கொடுத்தது. பல இடங்களில் உணவுப் பொதியும் பொருள் வாங்கும் சீட்டுமே எமது கைக்கு வந்தன. நாம் பசி கிடக்கவில்லை. அதற்கு இந்நாட்டுக்கு நன்றியுடையோம். ஆனால் எமது அடுப்பில் எது வேகும் என்பதை வேறொருவர் தீர்மானித்தார். "இது வேண்டாம், அது தாருங்கள்" என்று சொல்ல எமக்கு வழியிருக்கவில்லை.

இன்று நாம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். நாம் சேர்க்கும் யூரோக்கள் ஊரிலுள்ள பாடசாலைக்கும் மாதர் சங்கத்துக்கும் சனசமூக நிலையத்துக்கும் போகின்றன. பணத்தைக் கொடுப்பதால், பெறுபவரின் தேவை எது என்று தீர்மானிக்கும் உரிமையும் எமக்கு வந்துவிடுமா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் மட்டும் 30,000 இற்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. முதலில் ஓடிவந்து தூக்கியவர்கள் அயலவர்களே. பின்னர் பெரும் நிதியுடன் பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன. உயிர்காத்த உள்ளூர் அமைப்புகள் பல இடங்களில் ஓரங்கட்டப்பட்டதை 2006 இல் வெளியான பன்னாட்டுக் கூட்டு மதிப்பீடு எடுத்துக்காட்டியது. கடற்றொழிலாளரைக் கேளாமல் கொடுத்ததால், சில இடங்களில் தேவைக்கு மேல் வள்ளங்கள் குவிந்தன. கடலுக்கு ஏற்காதவையும் அவற்றுள் இருந்தன. 2016 இல் இஸ்தான்புல் மாநாட்டில், 2020 இற்குள் மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை உள்நாட்டு அமைப்புகளிடம் இயன்றவரை நேரடியாகக் கொடுப்பதென இலக்கு வைத்தார்கள். அது நிறைவேறவில்லை.

பெரிய நிறுவனங்களைக் குறை சொல்வது சுலபம். நாம் எப்படி? ஊரவர்கள் நிலையத்தின் கூரையைத் திருத்தக் காசு கேட்டால், நாம் கணினி அனுப்ப விரும்புகிறோம். படம் எடுத்தால் கணினிதான் நன்றாகத் தெரியும். "கூரை ஒழுகுகிறதே" என்று செயலாளர் இரண்டாம் முறை எழுதமாட்டார். அடுத்த வருடம் உதவி நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. அவருடைய மௌனத்தை நாம் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம்.

கணக்குக் கேட்பது பிழையல்ல. அது பலரின் வியர்வைக் காசு. ஆனால் செலவுக்குச் சிட்டை கேட்கும் நாம், எமது முடிவுக்கும் அவர்களிடம் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். கை நீட்டுபவரின் மனம் படும் பாட்டை அவர் அறிந்திருந்தார். அந்தப் பாட்டை நாமும் பட்டவர்கள்.

ஆகவே அடுத்த முறை உதவி அனுப்புமுன் ஊரவர்களிடம் முதலில் கேட்போம். அவர்கள் "வேண்டாம்" என்று சொன்னாலும் எமது உறவும் உதவியும் குறையாது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுப்போம். அன்று உணவுப் பொதியுடன் நின்ற எமக்குக் கிடைக்காததை இன்று அவர்களுக்காவது கொடுப்போமாக.