நான் நீக்கிய புள்ளி

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வாளிப் பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோனால் கிராணி அதில் கொஞ்சம் மொண்டு, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர் தேறும் என்று எழுதிக்கொள்வார். கூலி அந்த எண்ணில்தான். "அவன் எழுதுனதுதான் பாலு" என்பார் பாட்டி.

காற்றுச் சுரங்கத்திலும் ஒரு சிறு மாதிரிதான் முழு விமானத்துக்காகப் பேசுகிறது. ஜொகூர் ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகச் சுரங்கத்தின் சோதனை அறை 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம்; காற்றின் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 80 மீட்டர். நொடிக்கு 60 மீட்டரில் பறக்கும் விமானத்தைப் பத்தில் ஒரு பங்காகச் செய்து உள்ளே வைத்தால், ரெனால்ட்ஸ் எண் ஒத்துவர காற்று 600 மீட்டரில் வீசவேண்டும். ஒலியே 340தான். அந்த வேகத்தில் காற்றின் குணமே வேறு. ஜெர்மனியின் கொலோனில் நைட்ரஜனை மைனஸ் 160 டிகிரி வரை குளிர்வித்து இதைச் சமாளிக்கிறார்கள். நமக்கு அந்தக் காசு ஏது?

அதனால் மாதிரி இறக்கையின் முன்விளிம்பில் மணல்போன்ற துகளை ஒட்டிக் காற்றைக் கலங்கவைக்கிறோம். நிஜ விமானத்தில் அது கிடையாது. சுவர் நெருக்குவதற்கு ஒரு திருத்தம், தாங்கும் கம்பிக்கு ஒரு கழிவு. இத்தனை கைவைப்பும் ஏமாற்று இல்லையா என்று நண்பன் கேட்டான். இல்லைடா, ஏன், எவ்வளவு என்று எழுதிவைக்கிறோமே.

1960களில் அமெரிக்காவின் சி-141 பறந்தபோது, இறக்கை மேல் அதிர்ச்சி அலை சுரங்கம் காட்டிய இடத்தில் நிற்கவில்லை. பின்னால் தள்ளி நின்றது. இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் மாதிரியின் போதாமை தெரிந்தது.

நான் செய்தது வேறு. இறுதியாண்டு ப்ராஜெக்டில், ஒரு சின்னச் சுரங்கத்தில், 14 பாகையில் ஒரு புள்ளி மட்டும் வளைகோட்டை விட்டுக் கீழே இறங்கி நின்றது. இறக்கை அங்கே தூக்குவிசையை இழக்கத் தொடங்கியிருக்கலாம். தராசு ஆடியிருக்கலாம். திரும்ப ஓட்ட நேரமில்லை. நீக்கிவிட்டேன், அறிக்கையில் ஒரு வரிகூட எழுதவில்லை. கோடு அழகாக வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. யாரும் ஏறிப் பறக்கப்போவதில்லையே என்று ஒரு சமாதானம். கிராணிக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கும்: அரைப் புள்ளியில் என்ன வந்துவிடப்போகிறது?

நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சுரங்கம் சொன்னது அந்த ஒரே தடவைதான்.

போன மாதம் ஈப்போ வீட்டில் பழைய பென்டிரைவைத் திறந்தேன். மூலக் கோப்பில் அது அப்படியே இருக்கிறது. இறக்கையா, தராசா என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. மேற்பார்வையாளருக்கு எழுதத் தொடங்கிய மின்னஞ்சல் இன்னும் டிராஃப்டில்தான் கிடக்கிறது.