என் விதவைக்கு

1912 மார்ச், அண்டார்க்டிகா. பனிப்புயலில் சிக்கிய கூடாரத்துக்குள் பட்டினியும் குளிருமாகக் கிடந்த ராபர்ட் ஸ்காட், மனைவி கேத்லீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தலைப்பே 'என் விதவைக்கு' என்றுதான்.

1910-இல் அவர் கிளம்பியபோது மகன் பீட்டருக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. முடிந்தால் பையனுக்கு இயற்கையியலில் ஆர்வம் வரச் செய், விளையாட்டைவிட அது நல்லது, அவனைச் சோம்பேறியாக விட்டுவிடாதே என்கிறார். அதே கடிதத்தில், வீட்டில் சொகுசாகக் கிடப்பதைவிட இந்தப் பயணம் எவ்வளவோ மேல் என்றும் எழுதுகிறார். முதல்முறை படித்தபோது கண் கலங்கியது. இரண்டாம் முறை கோபம் வந்தது. யோவ், அந்த வீட்டுலதானே உன் பிள்ளை இருக்கான்?

பீட்டர் பிறகு பறவைகளை வரையும் ஓவியரானார். 1946-இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1961-இல் உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியவர்களில் ஒருவர். கடிதம் பலித்துவிட்டது என்பார்கள். பக்கத்தில் இருந்து வளர்த்தது கேத்லீன்.

விட்டுவிட்டுப் போனவருக்குப் பிள்ளை எப்படி வளரணும்னு சொல்ல உரிமை உண்டா? உண்டு என்றுதான் இப்போது படுகிறது. ஒன்றுமே எழுதாமல் செத்திருந்தால் பையனுக்கு மிஞ்சியிருப்பவர் பேப்பரில் வந்த வீரர் மட்டும்தான். தவிர, அந்த 'முடிந்தால்' இருக்கிறதே, வளர்க்கப்போவது யார் என்று தெரிந்தவர் எழுதுகிற சொல் அது.

ஆன்சைட்டில் இருந்த மாதங்களில், 'பாப்பாவுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக் கொடு' என்று மனைவிக்கு வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். பழைய மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில்கூட 'முடிந்தால்' இல்லை.