அம்மா வீட்டில் இல்லாத இரவு

ஈஸ்டர் நெருங்கினால் அமெரிக்காவில் சின்னக் குழந்தைகளுக்கான முயல் புத்தகங்கள் எங்கும் நிறைந்துவிடும். பெரும்பாலானவற்றில் வண்ண முட்டையும் கோழிக்குஞ்சும் தவிர அதிகம் இல்லை. மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பேத்திக்காக அவற்றைப் புரட்டியதில், 1939இல் வெளிவந்த ‘தி கன்ட்ரி பன்னி அண்ட் த லிட்டில் கோல்டு ஷூஸ்’ கைக்கு வந்தது. இரண்டு தலைமுறைப் பெண்களை நினைத்துக்கொண்டே அதைப் படித்தேன்.

எழுதியவர் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து டுபோஸ் ஹேவர்ட். ‘போர்கி அண்ட் பெஸ்’ ஆபராவுக்கு மூலமான நாவல் இவருடையதுதான். தன் சிறு மகளுக்குச் சொன்ன கதையைப் புத்தகமாக்கினார். மார்ஜரி ஃபிளாக் படம் வரைந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய இரவில் குழந்தைகளுக்கு முட்டை கொண்டுபோகும் ஈஸ்டர் முயல்கள் கதையில் ஐந்து. ஒன்றுக்கு வயதாகி ஓட்டம் குறைந்தால் தாத்தா முயல் இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பார். அந்த இடத்துக்கு ஒரு நாள் நானே வருவேன் என்கிறாள் கிராமத்துப் பழுப்பு முயல்குட்டி ஒருத்தி. பெரிய வீட்டு வெள்ளை முயல்கள் சிரிக்கின்றன. நிறமும் ஊரும் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பை, 1939இன் தென் மாநிலத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதை மறந்து என்னால் படிக்க முடியவில்லை. அவள் வளர்கிறாள், மணமாகிறது, 21 குட்டிகள் பிறக்கின்றன. கணவனைப் பற்றிய பேச்சு அதோடு சரி. அந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

குட்டிகள் ஓரளவு வளர்ந்ததும் அவள் செய்கிற காரியத்தில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது. இரண்டிரண்டு பேராக வேலை பிரித்துக் கற்றுக்கொடுக்கிறாள். பெருக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, துணி துவைக்க. பாடவும் ஆடவும்கூட ஆள் உண்டு. வீட்டில் சந்தோஷம் குறையக் கூடாதென்று அவற்றையும் வேலைக் கணக்கில் சேர்த்திருக்கிறாளே, அது எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு ஈஸ்டர் முயலைத் தேர்ந்தெடுப்பதை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளோடு போகிறாள். அவள் பிள்ளைகளை வளர்த்திருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் தாத்தா முயல் அவளைத் தேர்ந்தெடுக்கிறார்.

என் அத்தை ஒருத்திக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. “நான் போயிட்டா இதுகளுக்கு யாரு சோறு போடுவா?” என்று போகாமல் இருந்துவிட்டாள். கேட்ட எல்லோரும் அதைத் தாய்ப்பாசம் என்றோம். அப்போது அவளுடைய பிள்ளைகள் மீசை முளைத்தவர்கள். உலை வைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆசை நிறைவேறாமல் போனதற்கு அவளுடைய அன்பு காரணமில்லை, அந்தப் பிள்ளைகளின் வேலை தெரியாத கைகள்தான் காரணம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். பாசம் என்றால் எப்போதும் பக்கத்திலேயே இருப்பது என்று நாம் எப்படியோ முடிவு கட்டிவிட்டோம்.

கதையை விட்டு, காட்டன்டெயில் என்ற உண்மையான அமெரிக்கக் காட்டு முயலைப் பாருங்கள். குட்டிகள் இருக்கும் குழியைப் புல்லும் தன் ரோமமும் கொண்டு மூடிவிட்டுத் தாய் விலகிப் போய்விடும். அந்தியிலும் விடியலிலும் வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு மறுபடி போய்விடும். கூடவே இருந்தால் அதன் நடமாட்டமே நரிக்கும் நாய்க்கும் குழியைக் காட்டிக்கொடுத்துவிடும். தோட்டத்தில் இந்தக் குட்டிகளைப் பார்க்கிறவர்கள் அநாதை என்று நினைத்து எடுத்துப்போவது அமெரிக்காவில் வசந்தம்தோறும் நடக்கிறது. அவை அநாதைகள் அல்ல.

என் மகள் நர்ஸ். இரவுப் பணி இருக்கும் நாட்களில் இந்தப் புத்தகம்தான் வேண்டுமென்பாள் பேத்தி. மலையுச்சியில் நோயாய்க் கிடக்கும் சிறுவனுக்கு முட்டை கொண்டுபோகும் வழியில் தாய் முயல் விழுந்து காலில் அடிபடும் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். தாத்தா முயல் தங்கக் காலணி கொடுத்ததும் பிடி தளரும்.

“அம்மா முயல் வர்ற வரைக்கும் வீட்ட யாரு பாத்துப்பா, பாட்டி?”

“21 பேரும்தான், கண்ணு.”

“நான் எதைப் பாத்துக்கணும்?”

மூன்று வயதுக்காரிக்கு என்ன வேலை கொடுப்பது? கதையில் கடைசிக் குட்டி, அம்மா சாப்பிட உட்காரும்போது நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையைச் சொன்னேன். வேண்டாம், சமைக்கத்தான் வேண்டும் என்றாள். மறுநாள் காலை பட்டாணி உரிக்கக் கொடுத்தோம்.